மேக்ஃபைலுக்குள் எழுதிய தெரிவு நடந்ததா: நான்கு சோதனை வழிகளின் ஒப்பீடு

காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் உள்ள சில கடைகளுக்காக நாங்கள் நால்வர் சேர்ந்து ஒரு கணக்கு நிரலைப் பராமரித்து வருகிறோம். சி மொழியில் எழுதப்பட்ட அதன் மூலநிரல் சிட்டை, பேரேடு, ஐந்தொகை என்று மூன்று துணை அடைவுகளாகப் பிரிந்திருக்கிறது. மேலே ஒரு மேக்ஃபைல் இருக்கிறது; எதை எந்தக் கட்டளையால் தொகுப்பது என்று குனு மேக் என்ற தொகுப்புக் கருவிக்குச் சொல்லும் கோப்பு அது. அது ஒவ்வொரு அடைவுக்குள்ளும் குனு மேக்கை மறுபடி அழைத்து, அங்குள்ள மேக்ஃபைலின்படி தொகுக்கச் சொல்கிறது. கட்டளை வரியில் ஒவ்வொருவரும் தட்டச்சு செய்ய வேண்டிய தெரிவுகளை, அதாவது பேச்சில் ஆப்ஷன் என்று நாம் சொல்பவற்றை, மேக்ஃபிளாக்ஸ் என்ற மாறியில் சேர்த்து அந்த மேல் மேக்ஃபைலிலேயே எழுதி வைத்திருந்தோம். நால்வருக்கும் ஒரே நடத்தை கிடைக்க வேண்டும் என்பதுதான் நோக்கம்.

அந்த நோக்கம் நிறைவேறவில்லை என்பதை ஒரு பயிற்சி மாணவிதான் முதலில் கண்டுபிடித்தார். தொகுப்பு ஓடும்போது ஒவ்வொரு கட்டளையும் திரையில் வர வேண்டும். அவருடைய டெபியன் 13 கணினியில் எதுவும் வரவில்லை. "அண்ணே, மேக்ஃபைலில் நான் எதையுமே மாற்றவில்லை, கட்டளை வரிகள் எங்கே போயின?" என்று கேட்டார். என் உபுண்டு 22.04 கணினியில் அவை வந்துகொண்டிருந்தன. ஒரு முழு நாளைச் செலவிட்ட பிறகு காரணம் தெரிந்தது. அதிலிருந்துதான், மேக்ஃபைலுக்குள் எழுதும் தெரிவுகளைச் சோதிக்க எந்த வழியைக் கைக்கொள்வது என்ற கேள்வி எங்களுக்கு எழுந்தது. நான்கு வழிகளை எடுத்துக்கொண்டு பார்த்தோம்: மேக்ஃபைலே தன்னைச் சோதித்துக்கொள்வது, ஷெல் ஸ்கிரிப்ட், பைத்தான், குனு மேக்கின் மூலநிரலோடு வரும் பெர்ல் சோதனைத் தொகுதி.

ஒப்பீட்டுக்குள் போவதற்கு முன் எதைச் சோதிக்கிறோம் என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் இந்த வழிகளில் எது சிறந்தது என்பது அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. கட்டளை வரியில் கொடுத்த தெரிவுகளை மேக் தானே மேக்ஃபிளாக்ஸ் மாறியில் சேர்த்து, தான் அழைக்கும் துணை மேக்குகளுக்குச் சூழல் வழியாக, அதாவது ஒரு நிரல் தான் தொடங்கும் நிரலுக்குக் கையளிக்கும் மாறிகளின் வழியாக, அனுப்புகிறது. ஓர் எழுத்துத் தெரிவுகள் முன்கோடு (-) இல்லாமல் ஒட்டி முதல் சொல்லாக நிற்கும். நீண்ட பெயருள்ளவை அதன் பின் வரும். கட்டளை வரியில் மதிப்புப் பெற்ற மாறிகள் இரட்டைக் கோட்டுக்குப் பின் வரும். அடைவை மாற்றும் -சி (பெரிய எழுத்து), கோப்பைக் குறிக்கும் -எஃப் போன்ற சில தெரிவுகள் மட்டும் துணை மேக்குக்குப் போவதில்லை. பழைய நகரத்தார் கடைகளில் மேலாளின் உத்தரவு அடுத்தாளுக்கும், அவரிடமிருந்து பெட்டியடிப் பையனுக்கும் இறங்கியதைப் போல, மேலே தந்த தெரிவு கீழே வரை இறங்குகிறது.

மேக்ஃபைலே அந்த மாறியைத் திருத்தும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. திருத்தம் எப்போது நடைமுறைக்கு வருகிறது என்பது பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கிறது. மேக்குக்குள்ளேயே உள்ளமைந்த தொகுப்பு விதிகளையும் மாறிகளையும் நீக்கும் சிறிய -ஆர், பெரிய -ஆர் ஆகிய இரண்டும் மேக்ஃபைலுக்குள் எழுதினால் ஒழுங்காக வேலை செய்வது 2013-இல் வந்த 4.0 பதிப்பிலிருந்துதான். 2022 அக்டோபரில் வந்த 4.4 பதிப்பு வரை, மேக்ஃபைலை வாசிக்கும் நேரத்தில் மேக்ஃபிளாக்ஸில் தெரிந்தவை ஓர் எழுத்துத் தெரிவுகள் மட்டுமே, 4.4 முதல் எல்லாத் தெரிவுகளும் தெரிகின்றன. மேக்ஃபைல் அந்த மாறியைத் திருத்தினால், எல்லாக் கோப்புகளையும் வாசித்து முடிக்கும் வரை காத்திராமல் அப்போதே மறுபடி பகுத்துப் பார்ப்பதும் 4.4-இல் வந்ததே, ஆயினும் சில விளைவுகள் வாசிப்பு முடிந்த பிறகுதான் தெரியும் என்று அதன் வெளியீட்டுக் குறிப்பே எச்சரிக்கிறது. 2023 பிப்ரவரியில் வந்த 4.4.1, திருத்திய மதிப்பு உடனே எல்லா இடத்திலும், ஷெல் சார்பு வழியாக ஓடும் கட்டளைகளுக்கும் கூட, தெரியும் என்று உறுதி செய்ததோடு, கட்டளை வரியில் மதிப்புத் தந்த மாறிகளும் வாசிப்பு நேரத்திலேயே மேக்ஃபிளாக்ஸில் இருக்கும்படி செய்தது.

அந்த மாணவியின் கணினியில் நடந்தது இதுதான். யாராவது சத்தமில்லாத தெரிவான -எஸ் தந்திருக்கிறார்களா என்று பார்க்க, மேக்ஃபிளாக்ஸ் மதிப்பில் எஸ் என்ற சிறிய எழுத்து இருக்கிறதா என்று எங்கள் மேக்ஃபைல் தேடியது. இருந்தால் கட்டளைகளைத் திரையில் காட்டுவதை அது நிறுத்திவிடும். அவரோ நிறுவ வேண்டிய இடத்தைக் குறிக்கும் ஒரு மாறியைக் கட்டளை வரியில் தந்திருந்தார். அந்த மாறியின் பெயரில் ஓர் எஸ் இருந்தது. டெபியன் 13-இல் இருப்பது 4.4.1; உபுண்டு 22.04-இல் இருப்பது 4.3. ஒரே மேக்ஃபைல் ஒரு கணினியில் சரியாகவும் இன்னொன்றில் தவறாகவும் புரிந்துகொள்ளப்பட்டது இதனால்தான். லினக்ஸ் கருவின் மேக்ஃபைலிலும் இதே வகைத் தேடல் இருந்தது, 4.4-க்குப் பிந்தைய மேக்கில் இதே குழப்பம் வரும் என்று அதுவும் திருத்தப்பட்டது. மேக்ஃபிளாக்ஸுக்கு முன் ஒரு கோட்டை ஒட்டி, கிடைப்பதில் முதல் சொல்லை மட்டும் எடுத்து அதற்குள் தேடுவது நம்பத்தக்க முறை என்று 4.4-இன் வெளியீட்டுக் குறிப்பு சொல்கிறது. நாங்களும் அப்படியே மாற்றினோம்.

இந்த அனுபவம் எனக்கு ஒன்றை அழுத்தமாக உணர்த்தியது. சோதனை மேக்ஃபிளாக்ஸில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கக் கூடாது. அந்தத் தெரிவின் விளைவு நடந்ததா என்று பார்க்க வேண்டும். சிட்டையில் எழுதிய வரவு பேரேட்டில் உரிய கணக்கில் ஏறியதா என்று பார்ப்பதே தணிக்கை. சிட்டையை மட்டும் புரட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போடும் கணக்கப்பிள்ளையை எங்கள் ஊர்க் கடைகளில் யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். நான்கு வழிகளையும் நான் அளந்தது இந்த ஓர் அளவுகோலால்தான்.

மேக்ஃபைலே தன்னைச் சோதிப்பதில் உள்ள கவர்ச்சியை மறுக்க முடியாது. வேறு மொழி தேவையில்லை; வேறு எதையும் நிறுவ வேண்டியதில்லை; வாசிப்பு நேரத்தில் மேக்ஃபிளாக்ஸ் எப்படித் தெரிகிறது என்பதைத் தகவல் சார்பு, பிழைச் சார்பு இரண்டையும் கொண்டு அந்த இடத்திலேயே கேட்டுவிடலாம். நாங்களும் முதலில் இதைத்தான் செய்தோம். சோதனை என்று ஓர் இலக்கு (மேக் செய்து முடிக்க வேண்டிய வேலைக்கு மேக்ஃபைலில் தரும் பெயர்) வைத்து, அதன் கீழ் ஒவ்வொரு சிறு மேக்ஃபைலையும் துணை மேக்காக ஓட்டினோம். அது ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. வெளியே ஓடும் மேக் தன் மேக்ஃபிளாக்ஸையும், எத்தனையாவது அடுக்கு என்று சொல்லும் மேக்லெவல் மாறியையும் சூழலில் வைத்தே உள்ளே அனுப்புகிறது. ஆகவே சோதனையை, பிழை வந்தாலும் தொடரச் சொல்லும் -கே தந்து ஓட்டினால், உள்ளே சோதிக்கப்படும் மேக்ஃபைல் -கே எழுதாவிட்டாலும் தொடர்ந்து ஓடும். எழுதிய தெரிவு வேலை செய்ததா, வெளியிலிருந்து வந்தது வேலை செய்ததா என்று பிரித்தறிய வழியில்லை. -ஜே தந்து இணையாக ஓட்டினாலோ, வேலைப் பங்கீட்டை அணுக முடியவில்லை என்ற எச்சரிக்கை சில இடங்களில் உள்ளே வந்து வெளியீட்டைக் கலைத்தது. அடுக்கு எண் ஒன்றாகிவிட்டதால், அடைவுக்குள் நுழைகிறோம், வெளியேறுகிறோம் என்ற வரிகளும் தாமாக வந்தன. சோதிக்கப்படும் பொருளே சோதனைக் கருவியாகவும் இருப்பது, எடைக்கல்லை அதே தராசில் வைத்து அது சரியா என்று கேட்பதாகும். இந்த வழியை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். சூழலைத் துடைத்துவிட்டுச் செய்யலாமே என்று கேட்பவர்களுக்கு, துடைப்பதற்கு ஒரு ஷெல் வரி தேவைப்படுகிற இடத்திலேயே நீங்கள் இரண்டாம் வழிக்கு வந்துவிட்டீர்கள் என்பதே என் பதில்.

ஷெல் ஸ்கிரிப்ட்டைத்தான் நாங்கள் இறுதியில் தேர்ந்தெடுத்தோம். ஆனாலும் அதன் முதல் வடிவம் தவறாகவே அமைந்தது. ஒவ்வொரு சோதனைக்கும் எதிர்பார்க்கும் வெளியீட்டை ஒரு கோப்பில் வைத்து, கிடைத்த வெளியீட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டோம். எழுதுவது எளிது, படிப்பது அதைவிட எளிது. ஆனால் இது மறுபடியும் சிட்டையைப் படிப்பதுதான். எங்கள் குழுவில் ஒருவர் ஆப்பிள் மடிக்கணினி வைத்திருக்கிறார். ஆப்பிள் தன் நிரலாக்கக் கருவிகளோடு தருவது 2006-இல் வெளியான 3.81. அந்தப் பதிப்பு பிழைச் செய்தியில் இலக்கின் பெயருக்கு முன்னால் தலைகீழ் ஒற்றை மேற்கோளை இடுகிறது, 4.0 முதல் இரு பக்கமும் நேர் மேற்கோள். பழைய பதிப்பின் தோல்விச் செய்தியில் இலக்கின் பெயர் மட்டும் இருக்கும், 4.3-இல் மேக்ஃபைலின் பெயரும் வரி எண்ணும் சேர்ந்து வரும். தெரிவு சரியாக வேலை செய்தும், மேற்கோள் குறி மாறியதால் சோதனை தோற்றது. ஒவ்வொரு பதிப்புக்கும் ஓர் எதிர்பார்ப்புக் கோப்பு வைத்துக்கொள்ளலாம். அப்படி வைத்தால், புதிய பதிப்பு வரும்போதெல்லாம் கிடைத்த வெளியீட்டை அப்படியே எதிர்பார்ப்பாகப் படியெடுத்து வைக்கும் பழக்கம் வந்துவிடும். அந்தப் பழக்கம் வந்த நாளிலிருந்து சோதனை எதையும் காவல் காப்பதில்லை.

ஆகவே வெளியீட்டை ஒப்பிடுவதை விட்டுவிட்டு விளைவைப் பார்த்தோம். -கே சோதனையில் இரண்டு இலக்குகள். முதலாவது வேண்டுமென்றே தோற்கும், இரண்டாவது ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்கும். மேக் முடிந்தபின் அந்தக் கோப்பு இருந்தால் தொடர்ந்து ஓடியது என்று பொருள், இல்லையென்றால் நின்றுவிட்டது என்று பொருள். அதோடு மேக் முடியும்போது ஷெல்லுக்குத் தரும் முடிவுக் குறியீடு, பிழையைக் குறிக்கும் 2 ஆக இருக்க வேண்டும். சிறிய -ஆர் சோதனையில் ஒரு சி கோப்பை மட்டும் வைத்து, அதன் தொகுத்த வடிவத்தை இலக்காகக் கேட்கிறோம். உள்ளமைந்த விதி நீங்கியிருந்தால் மேக் விதியில்லை என்று தோற்கும், நீங்காவிட்டால் தொகுத்துவிடும். இந்த ஒரு சோதனையை வெவ்வேறு பதிப்புகளில் ஓட்டினாலே 4.0-க்கு முன்னும் பின்னும் உள்ள வேறுபாடு கண்ணுக்குத் தெரிகிறது. -எஸ் சோதனையில் மட்டும் வெளியீட்டைப் பார்த்தே ஆக வேண்டும். அங்கும் முழு உரையை ஒப்பிடாமல், கட்டளையின் வரி திரைக்கு வந்ததா என்பதை மட்டும் கேட்கிறோம். மேக்ஃபைல் -எஸ் என்று எழுதியிருக்க, பயனர் கட்டளை வரியில் அதை விலக்க விரும்பினால் என்ன ஆகும் என்பதும் சோதிக்கத் தக்கதே. இதற்கென்றே 4.3 பதிப்பில் --நோ-சைலண்ட் என்ற தெரிவு சேர்ந்தது, 3.81-க்கு அது தெரியாத தெரிவு, உடனே பிழை சொல்லி நிற்கும். எங்கள் மேக்ஃபைலில் -எஸ்ஸை நிரந்தரமாக வைக்கலாமா என்ற விவாதம் இந்த ஒரு சோதனையின் முடிவோடு தீர்ந்தது: ஆப்பிள் மடிக்கணினியில் விலக்க வழியில்லாத ஒன்றை எல்லோர் மீதும் சுமத்தக் கூடாது என்று முடிவு செய்து அதை எடுத்துவிட்டோம்.

ஷெல் வழியில் செல்வோர் முன்கூட்டியே அறிய வேண்டிய சில நடைமுறைகள் உண்டு. ஸ்கிரிப்ட்டின் தொடக்கத்திலேயே மேக்ஃபிளாக்ஸ், எம்ஃபிளாக்ஸ், குனுமேக்ஃபிளாக்ஸ், மேக்லெவல் ஆகிய நான்கு மாறிகளையும் சூழலிலிருந்து நீக்கிவிட வேண்டும். இவற்றில் குனுமேக்ஃபிளாக்ஸ் 4.0-இல் வந்தது, பலர் அதை மறந்துவிடுகிறார்கள். செய்திகள் ஒரே மொழியில் வருவதற்கு எல்சி-ஆல் என்ற மொழி மாறிக்குப் பெரிய எழுத்து சி என்ற மதிப்பைத் தர வேண்டும். ஒவ்வொரு சோதனையும் தனக்கென்று ஒரு தற்காலிக அடைவில் ஓட வேண்டும். சோதனை மேக்ஃபைலை ஸ்கிரிப்ட்டுக்குள்ளேயே உட்பொதிந்த உரையாக எழுதும்போது, தொடக்கக் குறியில் கோடு சேர்த்தால் ஷெல் ஒவ்வொரு வரியின் முன்னுள்ள டேப்களை எல்லாம் உரித்துவிடும். மேக்ஃபைலின் கட்டளை வரிக்கு டேப்தான் உயிர். நான் இதில் ஒரு மாலைப்பொழுதை இழந்தேன். கோடு இல்லாமல் எழுதலாம், அல்லது இலக்குக்குப் பின் அரைப்புள்ளி இட்டு அதே வரியில் கட்டளையை எழுதிவிடலாம். இரண்டாவது முறை 3.81-லும் குறையின்றி ஓடும். தெரிவை மேக்ஃபிளாக்ஸில் சேர்க்கும்போது முன்கோடு சேர்த்தே எழுதுவதும் நல்லது. கோடு இல்லாமல் எழுதும் சலுகை அந்த மாறியின் முதல் சொல்லுக்கு மட்டுமே உண்டு, முன்பே அங்கே ஏதாவது இருந்தால் நாம் சேர்த்தது இரண்டாம் சொல்லாகி வீணாகிவிடும்.

பதிப்புகளைத் திரட்டுவது பயந்த அளவுக்குக் கடினமாக இல்லை. குனு மேக்கின் மூலநிரலில், மேக் இல்லாமலே அதைத் தொகுக்க ஒரு ஸ்கிரிப்ட் உடன் வருகிறது, 4.3, 4.4.1 இரண்டையும் தனித்தனி அடைவில் தொகுத்து வைத்துக்கொண்டு, எந்த மேக்கைச் சோதிப்பது என்பதை ஸ்கிரிப்ட்டுக்கு முதல் மதிப்பாகத் தருகிறோம். 3.81 ஆப்பிள் மடிக்கணினியிலேயே இருக்கிறது. அங்கே போய் ஓட்டுகிறோம்.

பைத்தானைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. பதிப்பும் தெரிவும் சேர்ந்த அட்டவணையை எழுதிவிட்டால் பைத்தானின் சோதனைக் கருவியான பைடெஸ்ட் ஒவ்வொரு சேர்க்கைக்கும் தானே ஒரு சோதனையை உருவாக்கித் தருவது ஷெல்லில் கிடைக்காத வசதி. தோல்வி அறிக்கையும் தெளிவாக இருக்கும். எங்கள் குழுவில் இருவருக்குப் பைத்தான் பழக்கமில்லை என்பதாலும், சோதனைகள் மொத்தமே பதினான்கு என்பதாலும், ஓர் அடுக்கைக் கூட்டுவது எங்களுக்குத் தேவையாகப் படவில்லை. சோதனைகள் நூறைத் தாண்டினால் என் தீர்ப்பு மாறலாம்.

ஓரிடத்தில் மட்டும் பைத்தான் ஷெல்லை வென்றது. அது இணையாக ஓடும் தெரிவான -ஜே. மேக்ஃபைலுக்குள் எழுதிய -ஜே வேலை செய்கிறதா என்பதை நேரத்தை அளந்து சோதிப்பது தவறான முறை; கணினி வேறு வேலையில் இருந்தால் முடிவு மாறிவிடும். சரியான முறை, முதல் இலக்கு ஒரு கோப்புக்காகக் காத்திருக்க, அந்தக் கோப்பை இரண்டாவது இலக்கு உருவாக்குமாறு அமைப்பது. இணையாக ஓடினால் இரண்டும் முடியும். வரிசையாக ஓடினால் முதலாவது என்றென்றைக்கும் காத்திருக்கும். ஆகவே காத்திருப்புக்கு ஒரு கால வரம்பு தேவை. லினக்ஸில் அதற்குத் தனிக் கட்டளை உண்டு. எங்கள் ஆப்பிள் மடிக்கணினியில் அது இல்லை. பைத்தானிலோ வெளிநிரலை ஓட்டும்போதே கால வரம்பைத் தந்துவிடலாம். ஷெல்லில் இதைச் சமாளிக்க, காத்திருக்கும் இலக்கே பத்து முறை ஒரு விநாடி உறங்கி எழுந்து பார்த்துவிட்டுத் தோற்குமாறு எழுதினோம். அழகாக இல்லை, ஆனால் மூன்று பதிப்பிலும் ஒரே விடையைத் தருகிறது.

பெர்ல் சோதனைத் தொகுதியைப் பற்றி நான் மதிப்போடு சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் இந்தப் பொருளில் நான் கற்றதில் பாதி அதைப் படித்துக் கற்றதுதான். குனு மேக்கின் மூலநிரலில் சோதனைகளுக்கென ஓர் அடைவு இருக்கிறது. அதற்குள் தெரிவுகள், மாறிகள், சார்புகள், இலக்குகள் என்று பிரிவுகள். மாறிகள் பிரிவில் மேக்ஃபிளாக்ஸுக்கென்றே ஒரு கோப்பு. ஒவ்வொரு சோதனையும் மூன்று செய்திகளைத் தருகிறது: மேக்ஃபைலின் உரை, கட்டளை வரித் தெரிவுகள், எதிர்பார்க்கும் வெளியீடு. நாங்கள் தட்டுத் தடுமாறிக் கற்ற சூழல் துப்புரவையும் மொழி அமைப்பையும் அது தொடக்கத்திலேயே செய்துவிடுகிறது. இணைச் சோதனைகளுக்கு, ஒரு கட்டளை இன்னொன்றுக்காகக் காத்திருக்கும்படி செய்ய உதவி நிரலும் வைத்திருக்கிறது. மேக்ஃபைலுக்குள் ஒரு தெரிவை எழுதினால் இந்தப் பதிப்பு என்ன செய்யும் என்ற ஐயம் வந்தால், கையேட்டுக்கு அடுத்தபடியாக நான் திறப்பது இந்த அடைவைத்தான்.

ஆனாலும் எங்கள் தேவைக்கு அது பொருந்தவில்லை. அந்தத் தொகுதி ஒரு பதிப்போடு சேர்ந்தே வெளிவருகிறது, 4.4.1-உடன் வருவது 4.4.1 எப்படி நடக்க வேண்டும் என்பதையே சொல்கிறது. அதை எடுத்து 3.81 மீது ஓட்டினால் கிடைக்கும் நீண்ட தோல்விப் பட்டியல், அந்தப் பதிப்பு பழையது என்பதைத் தவிர எங்களுக்கு வேறு எதையும் சொல்வதில்லை. மேக்கை உருவாக்குபவர்கள் கேட்கும் கேள்வி, எங்கள் கருவி நாங்கள் சொன்னபடி நடக்கிறதா என்பது. எங்கள் கேள்வியோ, நம் மேக்ஃபைல் எல்லோருடைய கருவியிலும் ஒன்றாக நடக்கிறதா என்பது. வெளியீட்டை முழுதாக ஒப்பிடுவது அவர்களுக்குச் சரி, ஏனெனில் செய்தியின் சொற்களும் அவர்களுடைய பொறுப்பு. எங்களுக்கு அது சுமை.

ஆகவே, மேக்கிலேயே ஒரு பிழையைக் கண்டு அதைத் திருத்தி அனுப்ப நினைப்பவர், சோதனையை அந்தப் பெர்ல் வடிவத்தில்தான் எழுத வேண்டும். வேறு வடிவத்தில் எழுதுவது பெறுபவருக்கு வேலை வைப்பதாகும். ஒரே பதிப்பு மேக் மட்டும் உள்ள ஆய்வகத்தில், எல்லாக் கணினியிலும் ஒரே உபுண்டு இருக்கும் கல்லூரியில், முழு வெளியீட்டை ஒப்பிடும் எளிய ஷெல் சோதனையே போதும்; எங்களைப் போல விளைவைத் தேடி அலைய வேண்டிய தேவை அங்கே குறைவு. எங்களைப் போல மூன்று பதிப்புகளோடு வாழும் சிறு குழுவுக்கு, சூழலைத் துடைத்து, விளைவை மட்டும் பார்க்கும் ஷெல் ஸ்கிரிப்ட்டையே பரிந்துரைக்கிறேன்.

எங்கள் பதினான்கு சோதனைகளில் பதின்மூன்று இப்போது மூன்று பதிப்பிலும் தேறுகின்றன. தேறாத ஒன்று சிறிய -ஆர், 3.81-இல். அந்தப் பதிப்பில் அது தோற்கத்தான் செய்யும் என்பது தெரிந்ததால், சோதனையைத் தளர்த்தாமல், பேரேடு அடைவின் மேக்ஃபைலில் கோப்புப் பெயர்களின் பின்னொட்டுகளின் பட்டியலை வெறுமையாக்கும் ஒரு வரியைச் சேர்த்து, அந்தப் பின்னொட்டுகளை வைத்துத் தொகுக்கும் பழைய உள்ளமைந்த விதிகளை அங்கேயே அணைத்துவிட்டோம். மற்ற இரண்டு அடைவுகளுக்கும் அதைச் செய்யும் வேலை அந்த மாணவியிடம் இருக்கிறது.